நாயனத்தைக் கையில எடுத்த ஜாஸ்காரர்: சார்லி மேரியானோ

கேள்வி இதுதான்: "கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை எடுத்து கர்நாடக சங்கீதம் வாசிச்சது எல்லாருக்கும் தெரியும். இதுக்கு எதிர்ப்பக்கமா, ஒரு நிஜமான ஜாஸ் சாக்ஸ் கலைஞர் நம்ம நாகஸ்வரத்தைக் கத்துக்கிட்டு வாசிச்சது உண்டா? இருந்தா அவர் வாழ்க்கையைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லுங்க."

உண்டு. பேரு சார்லி மேரியானோ. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்தார், நாயனத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனார்ங்கிற கதை இல்லை இது. பாஸ்டன்ல பொறந்து, ஸ்டான் கென்டன் பேண்ட்லயும் சார்ல்ஸ் மிங்கஸ் கூடவும் வாசிச்சு, பெர்க்லீ இசைக் கல்லூரில வாத்தியாராவும் இருந்த ஒரு மனுஷன், நாற்பது வயசு தாண்டின பிறகு ஒரு கோயில் நாயனக்காரர் கிட்ட உட்கார்ந்து முதல் பாடத்துலேருந்து ஆரம்பிச்சார். நான் கும்பகோணம் பக்கம் நாயனச் சத்தத்துலயே வளர்ந்தவன். அதனால இவர் கதையை எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்கோங்க.

முழுப்பேரு கார்மைன் யூகோ மேரியானோ. 1923 நவம்பர் 12 அன்னிக்கு பாஸ்டன்ல பொறந்தார், அப்பா அம்மா இத்தாலிலேருந்து குடியேறினவங்க. அப்பாவுக்கு ஆப்பரான்னா உயிர், அதனால வீட்ல எப்பவும் அந்தப் பாட்டுதான். இதை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா கடைசி வரைக்கும் இவரோட சாக்ஸ்ல மனுஷக் குரல் மாதிரி ஒரு அழுகை இருக்கும், ஒரு சுரத்தைப் பிடிச்சா அதை அப்படியே இழுத்து இழைச்சு விடுவார், அது அந்த வீட்லேருந்து வந்ததுன்னுதான் நான் நம்புறேன். சாக்ஸ் கைக்கு வந்தது பதினேழு பதினெட்டு வயசுலதான், அக்கா வாங்கிக் கொடுத்தது. இன்னிக்கு ஏழு வயசுல அரங்கேற்றம் பண்ற காலத்துல இது ரொம்ப லேட். ஆனா ரெண்டே வருஷத்துல, 1943-ல ராணுவத்துக்குக் கூப்பிட்டப்போ, அங்கயே பேண்ட்ல வாசிக்கிற அளவுக்கு வந்துட்டார்.

அப்போ அவர் காதுல இருந்தது ஜானி ஹாட்ஜஸ். டியூக் எல்லிங்டன் பேண்ட்ல ஆல்டோ, அதாவது சாக்ஸ்ல ஒரு வகை, வாசிச்சவர், அவரும் பாஸ்டனுக்குப் பக்கத்துல கேம்பிரிட்ஜ்ல பொறந்தவர்தான். ஹாட்ஜஸ் வாசிப்பு தேன் ஒழுகுற மாதிரி, ஒரு சுரத்துலேருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிட்டே போகும். நம்ம காதுக்கு அதுல ஜாரு இருக்கிறது உடனே பிடிபடும். அதுக்கப்புறம் நாற்பதுகளோட நடுவுல சார்லி பார்க்கரைக் கேட்டார். அதோட எல்லாம் மாறிப் போச்சு.

பார்க்கர் பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லணும். அந்தத் தலைமுறையில ஆல்டோ சாக்ஸ் எடுத்த ஒருத்தராலயும் பார்க்கரைத் தாண்டிப் போக முடியல. நம்ம ஊர்ல ராஜரத்தினம் பிள்ளைக்கு அப்புறம் நாயனம் எடுத்த ஒவ்வொருத்தரும் அவரோட தோடியை மனசுல வச்சுக்கிட்டேதானே வாசிச்சாங்க, அதே மாதிரி. அந்த வேகம், அந்த வளைவு, தாளத்துக்கு நடுவுல எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ முடிச்சு ஆனா சரியா வந்து நிக்கிற அந்தக் கணக்கு. இதைக் காப்பி அடிக்காம இருக்க முடியாது, காப்பி அடிச்சா உன் பேரு காணாமப் போயிடும். மேரியானோவும் பார்க்கர் வழிதான், ஐம்பதுகள்ல அவரைப் பத்தி எழுதினவங்களும் அப்படித்தான் எழுதினாங்க. மிச்ச வாழ்க்கை பூரா அந்த நிழல்லேருந்து தன் குரலை வெளிய கொண்டு வர்றதுக்கு அவர் பட்ட பாடுன்னுதான் நான் அவர் கதையைப் படிக்கிறேன். நாயனம் அந்தப் போராட்டத்தோட நடுவுலதான் வருது.

போர் முடிஞ்சு ஊருக்கு வந்து ஷில்லிங்கர் ஹவுஸ்ங்கிற பள்ளியில சேர்ந்தார். லாரன்ஸ் பெர்க் 1945-ல ஆரம்பிச்ச இடம், அதுதான் பின்னாடி பெர்க்லீன்னு பேர் மாறி இன்னிக்கு உலகம் பூராவும் பிள்ளைங்க கனவு காணுற கல்லூரியா இருக்கு. பாஸ்டன்ல அப்போ ஒரு நல்ல கூட்டம் இருந்தது, ஜாக்கி பையார்ட், ஹெர்ப் பொமராய், டிக் ட்வார்ட்ஸிக்னு. மேரியானோ தன் பேர்ல ரெக்கார்டு போட ஆரம்பிச்சதும் அப்போதான். 1953-ல கென்டன் பேண்ட்ல சேர்ந்தார். அது பெரிய பேண்ட், பெரிய சத்தம், ஊர் ஊரா பஸ்ல சுத்துற வாழ்க்கை. 1955-ல அந்த பேண்டோட 'கன்டெம்பரரி கான்செப்ட்ஸ்' ஆல்பத்துல 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' பாட்டை முழுக்க இவர் கையில கொடுத்திருப்பாங்க, பில் ஹோல்மனோட அரேஞ்ச்மென்ட். பெரிய பேண்ட் பின்னாடி மலை மாதிரி எழும்ப, முன்னாடி ஒத்தை ஆல்டோ. பார்க்கர் அந்த வருஷம் மார்ச்லதான் இறந்திருந்தார், வயசு 34. அதை நினைச்சுக்கிட்டு கேட்டா வேற மாதிரி இருக்கும்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் லாஸ் ஏஞ்சலஸ்ல டிரம்மர் ஷெல்லி மேன் குழுவுல இருந்தார், திரும்ப பாஸ்டன். 1959-ல ஜப்பானிய பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியைக் கல்யாணம் பண்ணார். அவங்க பெர்க்லீல படிக்க ஜப்பான்லேருந்து வந்தவங்க, பின்னாடி தன் சொந்த பிக் பேண்ட் நடத்தி ஜாஸ்ல பெரிய பேர் வாங்கினவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குவார்டெட் நடத்தினாங்க, ஜப்பான்லயும் போய் இருந்தாங்க, அவங்க பொண்ணு மன்டே மிச்சிரு இன்னிக்குப் பாடகியா தெரிஞ்ச பேரு. அந்தக் கல்யாணம் 1967-ல முடிஞ்சது. ஆனா ஜப்பான்ல இருந்த காலம்தான் இவருக்கு ஆசியாவோட கதவைத் திறந்து விட்டதுன்னு தோணுது, அமெரிக்காவுக்கு வெளிய ஒரு இடத்துல உட்கார்ந்து பழகினதே ஒரு பயிற்சிதானே.

இப்போ மிங்கஸ். 1963 ஜனவரி 20. பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ், பதினோரு பேர் குழுவை வச்சு 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'ன்னு ஒரு ஆல்பம் ரெக்கார்ட் பண்றார், இம்பல்ஸ் கம்பெனிக்கு. ஜாஸ்ல பெரிய ஆல்பங்கள்னு யார் லிஸ்ட் போட்டாலும் பெரும்பாலும் இது இருக்கும். ஒரு நடனத்துக்கான இசைன்னு நினைச்சு மிங்கஸ் எழுதினது, டூபா உறுமும், டிராம்போன் பேசும், நடுவுல ஸ்பானிஷ் கிடார் வரும், பையார்டோட பியானோ எங்கேயோ கூட்டிட்டுப் போகும், தாளம் மெதுவா ஆரம்பிச்சு வேகம் பிடிச்சு வெடிச்சு திரும்ப அடங்கும். இந்த மொத்தக் கொந்தளிப்புக்கும் மேல ஒரு ஆல்டோ அழுதுட்டே போகும் பாருங்க, அது மேரியானோ. அன்னிக்கு வாசிச்சது போதாதுன்னு மிங்கஸ் அவரோட ஆல்டோவை மட்டும் பின்னாடி தனியா ரெக்கார்ட் பண்ணி மேல சேர்த்தார். ஜாஸ்னா ஒரே டேக்ல நடக்குறதுங்கிற நம்பிக்கை இருந்த காலம் அது, டேப்பை வெட்டி ஒட்டி, மேல மேல அடுக்கி ஒரு ஆல்பம் பண்றது அபூர்வம். மிங்கஸ் அதைத் துணிஞ்சு பண்ணார், அப்படி அடுக்கினதுல முக்கியமான அடுக்கு மேரியானோவோட குரல். மிங்கஸ் சுலபமான மனுஷன் இல்லை, மேடையிலயே ஆட்களைத் திட்டுவார். அவர் ஒருத்தரைத் தேடி எடுத்து மேல வைக்கிறார்னா அதுல விஷயம் இருக்கு.

எனக்கு அந்த ஆல்பத்துல என்ன பிடிக்கும்னா, பார்க்கர் கொடுத்த வேகத்தை மேரியானோ அங்க ஒதுக்கி வச்சுட்டார். ஹாட்ஜஸ்கிட்ட கேட்ட ஜாரு, அப்பாகிட்ட கேட்ட ஆப்பரா, ரெண்டும் திரும்ப மேல வருது. நீளமான சுரம், அதுக்குள்ள அசைவு. சுரத்தை நேரா நிறுத்தாம, கீழேருந்து தொட்டு, மேல போய் ஒரு நடுக்கம் கொடுத்து, திரும்ப இறங்குவார். ஒரு நாயனக்காரர் இதைக் கேட்டா "இவருக்கு கமகம் தெரியுதே"ன்னு கேப்பார். நாயனம்னு ஒண்ணு அவர் கைக்கு வர்றதுக்கு சில வருஷம் முன்னாடி நடந்தது இது.

இனி மலேசியா. அறுபதுகளோட நடுவுல அவர் பெர்க்லீல பாடம் எடுத்துக்கிட்டு இருந்தார். 1967 வாக்குல ரேடியோ மலேசியா இசைக்குழுவோட வேலை செய்ய கோலாலம்பூர் போனார், சில மாசம் அங்க தங்கினார். ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும்னு நம்ம ஆளுங்க மலேயாவுக்குப் போனப்போ கோயிலையும் கூடவே கொண்டு போனாங்க, கோயில் போன இடத்துக்கு மேளமும் போச்சு. கோலாலம்பூர்ல ஒரு கோயில்ல அவர் நாகஸ்வரத்தைக் கேட்டார். அந்தக் கணத்தை நான் நிறைய தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். சாக்ஸ் வாசிக்கிறவனுக்கு மூச்சோட பலம் தெரியும், ரீட் படுத்துற பாடு தெரியும், அப்படிப்பட்டவன் காதுல திடீர்னு இந்தச் சத்தம் விழுது. கோயில் மண்டபம் பூரா நிறையுற சத்தம், மைக் கிடையாது, கூடவே தவில், பின்னாடி ஒத்து. அவர் "நல்லா இருக்கே"ன்னு போயிடல. அங்க கோயில்ல வாசிக்கிற ஒருத்தர் கிட்ட போய் கத்துக்க ஆரம்பிச்சுட்டார். அப்போ வயசு 43, 44.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா ரெண்டு கருவிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லணும். இதை ரெண்டு பக்கமும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன்.

சாக்ஸபோன் பித்தளை உடம்பு, பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல பாரிஸ்ல காப்புரிமை வாங்கினது. ஒரே ஒரு ரீட், அது மௌத்பீஸ் மேல கட்டியிருக்கும். துளைகளை விரல் நேரா மூடாது, சாவிகள் மூடும். ஒரு சாவியை அழுத்தினா இந்த சுரம்னு கிட்டத்தட்ட தீர்மானம் ஆயிடுது, உதட்டால கொஞ்சம் மேல கீழ வளைக்கலாம், அவ்வளவுதான். நாயனத்துல சாவியே கிடையாது. ஆச்சா மரத்துல கடைஞ்ச குழல், மேல ஏழு விரல் துளை, கீழ அணசு, வாயில சீவாளி. சீவாளிங்கிறது ரெட்டை நாக்கு, ரெண்டு தட்டை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து துடிக்கும். திருவாவடுதுறை சீவாளின்னா எங்க பக்கம் தனி மரியாதை. அதை வாயில வச்சு ஊற வச்சு, பதம் பாத்து, இன்னிக்கு இது பேசுமா பேசாதான்னு முடிவு பண்றதுக்கே ஒரு அனுபவம் வேணும், வித்வான் நாயனத்துல அதுக்குத்தான் நாலஞ்சு சீவாளி கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கும். குறை சுரம் வேணும்னா விரலைப் பாதி மூடணும், அதோட உதட்டையும் மூச்சையும் சேர்த்துக் கணக்கா பிடிக்கணும். ஒரு துளைக்கு ஒரு சுரம்ங்கிற பேச்சே இல்லை, அதே துளையில மூச்சை மாத்தினா சுரம் நகருது. இந்தக் கஷ்டம்தான் அதோட அழகு, கமகம் அதனாலதான் அவ்வளவு இயல்பா வருது.

அதனால சாக்ஸ் வாசிச்ச விரலுக்கு நாயனத்துல எதுவுமே உதவாது. உதடு வேற, மூச்சு அழுத்தம் வேற, நாக்கால சுரத்தைத் தட்டி எடுக்கிற துத்துகாரம் வேற. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, ரெண்டு குழலுமே மேல ஒடுங்கி கீழ விரியுற கூம்பு வடிவம். அதனால ரெண்டுலயுமே மூச்சைக் கூட்டினா சுரம் மேல் ஸ்தாயிக்கு எகிறும், அந்த மட்டுக்கும் அவர் உடம்புக்குப் பழக்கம் இருந்திருக்கும். மத்தது எல்லாம் புதுசு. இருபது வருஷமா பேர் வாங்கின ஒரு வித்வான் தன்னோட சத்தம் பிசிறடிக்கிறதை தானே கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். பெர்க்லீ வாத்தியார் கோயில் நாயனக்காரருக்கு மாணவன். இதுக்கு வர்ற மனசு எல்லாருக்கும் வராது. அவர் மலேசியாவோட விடல, எழுபதுகள்ல தென்னிந்தியாவுக்கே வந்து மேல கத்துக்கிட்டார்.

இங்க ஒரு ஒப்பீடு சொல்றேன், யாரையும் குறைச்சுப் பேச இல்லை. அறுபதுகள்ல ஜாஸ் உலகத்துல இந்திய இசை மேல ஒரு பெரிய ஈர்ப்பு இருந்தது. ஜான் கோல்ட்ரேன் 1961-ல 'இந்தியா'ன்னே ஒரு பாட்டு வாசிச்சார், ரவிசங்கர் மேல இருந்த மரியாதையில பையனுக்கு ரவின்னு பேர் வச்சார், ஆனா இந்தியாவைப் பாக்காமலே 1967-ல, நாற்பதே வயசுல போயிட்டார். லண்டன்ல ஜமைக்காக்காரர் ஜோ ஹேரியட்டும் கல்கத்தாவுல பொறந்த ஜான் மேயரும் சேர்ந்து இந்தோ-ஜாஸ்னு ஒரு குழு நடத்தினாங்க, சாக்ஸ் ஒரு பக்கம் சிதார் ஒரு பக்கம். ரெண்டுமே நல்ல இசை. ஆனா அந்தக் காலத்துல இந்தியான்னாலே வடக்குதான், சிதாரும் தபலாவும்தான். மேரியானோ தெற்குப் பக்கம் வந்தார், அதுவும் சபா மேடையில இருக்கிற வீணை, வயலின் பக்கம் போகாம கோயில் வாசல்ல நிக்கிற மேளத்துக்கிட்ட வந்தார். நம்ம ஊர்லயே அந்தக் கலைஞர்களை எங்க உட்கார வச்சாங்க, எப்படி நடத்தினாங்கன்னு நமக்குத் தெரியும். அதனால எனக்கு இது வெறும் இசை விஷயமா தெரியல.

சரி, கத்துக்கிட்டதை என்ன பண்ணார்? முதல்ல ராக். 1970 வாக்குல பாஸ்டன்ல ஆஸ்மோசிஸ்னு ஒரு ராக் பேண்ட்ல சேர்ந்தார், கூட வாசிச்சவங்க அவரைவிட ரொம்ப இளசு. 1971-ல பெர்க்லீ வேலையை விட்டுட்டு ஐரோப்பா போனார், அதுக்கப்புறம் அங்கயேதான் வாழ்ந்தார். மியூனிக்ல எம்ப்ரியோங்கிற குழு இருந்தது, ராக்கையும் ஜாஸையும் உலகத்துல கேட்ட எல்லா இசையையும் கலந்து வாசிச்சவங்க, அவங்களோட 1973-ல வந்த 'வீ கீப் ஆன்' ஆல்பத்துல இவர் இருக்கார், நாகஸ்வரத்தோட. யோசிச்சுப் பாருங்க, எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ் நடுவுல நாயனம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல தாக்குப் பிடிக்கக் கூடிய மரக்கருவி உலகத்துலேயே ரொம்பக் குறைச்சல், நாயனம் தாக்குப் பிடிக்குது, ஏன்னா அது தவிலோட வாசிக்கவே பொறந்தது.

ஆனா நீங்க தேடிக் கேக்க வேண்டியது எபர்ஹார்ட் வெபரோட 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. வெபர் ஜெர்மன் பேஸ் கலைஞர். 1975 செப்டம்பர்ல லுட்விக்ஸ்பர்க்ல ரெக்கார்ட் பண்ணது, இசிஎம்ங்கிற கம்பெனி வெளியீடு. மேரியானோ அதுல சோப்ரானோ சாக்ஸ் (ஆல்டோவை விட மேல் ஸ்தாயில பேசுறது), ஷெனாய், நாகஸ்வரம் மூணும் வாசிக்கிறார். பியானோவுல ரைனர் புரூனிங்ஹவுஸ், டிரம்ஸ்ல யோன் கிறிஸ்டென்சன். பனிமூட்டம் மாதிரி ஒரு இசை, பேஸும் கீபோர்டும் மெதுவா அலை அலையா வரும், அதுக்கு மேல திடீர்னு ரெட்டை நாக்குச் சத்தம் எழும்பும்போது எனக்கு முதல் தடவை கண் கலங்கிடுச்சு, ஜெர்மனியோட நடுவுல எங்க ஊர் கோபுர வாசல் திறந்த மாதிரி. ராகம்னு சொல்ல முடியாது, ஆலாபனைன்னும் சொல்ல முடியாது, நம்ம வித்வான் யாராவது கேட்டா "விரல் இன்னும் பழகணும்"னு சொல்லலாம், நியாயம்தான், குழந்தையிலேருந்து கத்துக்கிட்டவங்க வாசிப்போட அதைப் பக்கத்துல வைக்கக் கூடாது. ஆனா அவர் நம்ம வித்வான் மாதிரி நடிக்கவே இல்லை. தன் ஜாஸைத் தன் மூச்சுல சொல்றார், கருவி மட்டும் நம்மளோடது. அதுல ஒரு மரியாதை இருக்கு. அந்தச் சோப்ரானோ சாக்ஸையும் கவனிங்க, நாயனம் பழகின பிறகு சாக்ஸே மாறிப் போச்சு, சுரம் அசையுற விதம், ஒரு சுரத்துல தங்கி அதைச் சுத்திச் சுத்தி வர்ற பொறுமை. பார்க்கர் நிழல் அங்க சுத்தமா இல்லை. என் காதுக்கு அங்கதான் மேரியானோ முழுசா மேரியானோ ஆனார்.

வெபர் குழுவோட இன்னும் சில ஆல்பம் பண்ணார். அதே காலத்துல யாஸ்பர் வான்ட் ஹோஃப், ஃபிலிப் கேதரின் கூட போர்க் பைங்கிற குழு. அப்புறம் யுனைட்டட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள், ஜெர்மனில ஒரு டிவி நிகழ்ச்சிக்காக வொல்ஃப்காங் டவுனர் சேர்த்த கூட்டம், உள்ள இருந்த ஒவ்வொருத்தரும் தனியா ஒரு பேண்ட் நடத்துறவங்க. 1975-லேருந்து 2002 வரைக்கும் ஓடுச்சு. ஜெர்மனில அவரை வீட்டு மனுஷனாவே ஏத்துக்கிட்டாங்க.

இந்தியப் பக்கம் இன்னொரு முக்கியமான உறவு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன். பெங்களூர்ல மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி நடத்தினது, அவங்க மனைவி ஆர்.ஏ. ராமமணி பாடகி. இவங்களோட மேரியானோ பண்ணதுதான் 'ஜ்யோதி', 1983, இதுவும் இசிஎம். பியானோ கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ராமமணியோட குரல், தம்புரா, மிருதங்கம், கடம், மோர்சிங், கஞ்சிரா, வாயால ஜதி சொல்ற கொன்னக்கோல், இவங்க நடுவுல ஒத்தை ஜாஸ்காரர், கையில சாக்ஸும் புல்லாங்குழலும். இங்க அவர் நாயனத்தை எடுக்கலங்கிறதைக் கவனிங்க. கத்துக்கிட்டதைக் காட்டிக்கணும்னா இதைவிட நல்ல இடம் கிடையாது, இருந்தும் அவர் தன் சொந்தக் கருவியோடதான் உட்கார்ந்தார். பின்னணில கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) மாறாது, ஜாஸ்காரனுக்கு அது தரை இல்லாத வீடு மாதிரி, ஏன்னா அவங்க படிச்சதே கார்டு மாறுறதுக்கு ஏத்த மாதிரி சுரம் போடத்தான். ஒரே ஆதார சுருதி மேல நின்னு கற்பனை பண்ணணும்னா ராகத்துக்குள்ள இறங்கணும், அதுக்கு அவர் பத்து பதினஞ்சு வருஷம் உழைச்சிருந்தார். கொன்னக்கோலும் சாக்ஸும் பேசிக்கிற இடங்கள்ல ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டுக் கொடுக்கிறது அப்படியே கேக்கும். இந்த உறவு ஒரு ஆல்பத்தோட முடியல, பல வருஷம் மேடையில சேர்ந்து வாசிச்சாங்க, பெங்களூர்னு பேர் வச்சே பின்னாடி ஒரு ஆல்பம் வந்தது.

கத்ரி கோபால்நாத்தைச் சொன்னீங்கல்ல, அதுலயும் ஒரு அழகு இருக்கு. கத்ரியோட அப்பா நாகஸ்வர வித்வான். பையன் மைசூர் அரண்மனை பேண்ட்ல சாக்ஸைப் பாத்து மயங்கி, நாயனத்து வீட்லேருந்து சாக்ஸுக்குப் போனார், சாவிகள்ல சில மாத்தம் பண்ணி கமகத்தை அதுல வரவழைச்சார். மேரியானோ சாக்ஸ்லேருந்து நாயனத்துக்கு வந்தார். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல ஒரே பாதையில எதிரும் புதிருமா நடந்திருக்காங்க.

லெபனான் ஊது கலைஞர் ரபி அபூ கலீல் கூடவும் வாசிச்சார், 'ப்ளூ கேமல்' 1992-ல வந்தது, அரபு மக்காமும் (நம்ம ராகம் மாதிரி) ஜாஸும். ஊதுங்கிறது நம்ம ஊர்ல ஊதுறது இல்லைங்க, அது வீணை மாதிரி ஒரு நரம்புக் கருவி. அதே பத்தாண்டுல அவருக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சது. வாசிக்கிறதை நிறுத்தல. கடைசி வருஷங்கள்ல திரும்ப ஆல்டோவுக்கும் பழைய ஜாஸ் பாட்டுகளுக்கும் போனார், மெதுவான காதல் பாட்டுகள். எண்பதை நெருங்கின மனுஷனோட மூச்சு, ஆனா சத்தம் மெலியல, ஒவ்வொரு சுரமும் யோசிச்சு வச்ச மாதிரி இருக்கும். 2009 ஜூன் 16 அன்னிக்கு கொலோன் நகரத்துல காலமானார், வயசு 85.

எங்கேருந்து கேக்கலாம்னா, முதல்ல மிங்கஸோட 'பிளாக் செயின்ட்', முழுசா, நடுவுல நிறுத்தாம, நாப்பது நிமிஷம்கூட இல்லை. ரெண்டு நாள் விட்டு 'யெல்லோ ஃபீல்ட்ஸ்', ராத்திரில, ஹெட்போன்ல. கடைசியா 'ஜ்யோதி'. அட்டையில முதல் பேரா சார்லி மேரியானோன்னுதான் போட்டிருக்கும், ஆனா முதல் டிராக்கோட பேரு 'வாய்ஸ் சோலோ'. சாக்ஸ்காரர் பேர்ல வந்த ஆல்பத்தோட வாசல்ல அவர் உட்கார வச்சது ராமமணியோட குரலை.